ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு ஃபிளாஷ் அடிப்பது: ‘ஓப்பன் ஃபிளாஷ்’ என்ற பழைய சொல்

அப்பாவின் அலமாரியில் பழைய ஃபிளாஷ் ஒன்று கிடைத்ததாகவும், அதன் பின்பக்கம் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருப்பதாகவும், கையேடு அதை ‘ஓப்பன் ஃபிளாஷ் பட்டன்’ என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓப்பன் என்றால் எது திறக்கிறது, இன்றைக்கு இந்தச் சொல்லால் ஏதாவது பயன் உண்டா என்பது கேள்வி.

திறப்பது ஃபிளாஷ் அல்ல, கேமராவின் ஷட்டர். ஷட்டரைத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டு, கையால் ஃபிளாஷை அடித்து, பிறகு ஷட்டரை மூடுவதுதான் ஓப்பன் ஃபிளாஷ். கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவில் கம்பியோ ரேடியோவோ எந்தத் தொடர்பும் வேண்டாம். எப்போது அடிப்பது என்பதை உங்கள் கட்டைவிரல் முடிவு செய்கிறது. அந்தப் பொத்தான் அதற்காக வைக்கப்பட்டது. பின்னாளில் எல்லோரும் அதை ‘ஃபிளாஷ் வேலை செய்கிறதா’ என்று பார்க்க மட்டும் பயன்படுத்தியதால், புதிய கருவிகளில் அதன் பெயர் ‘டெஸ்ட்’ என்று ஆகிவிட்டது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வழக்கமாகப் படம் எடுக்கும்போது, எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பதை ஷட்டர் அளந்து கொடுக்கிறது. ஓப்பன் ஃபிளாஷில் ஷட்டர் வெறும் கதவு. இருட்டில் அது ஒரு விநாடி திறந்திருந்தாலும் பத்து விநாடி திறந்திருந்தாலும் பிலிமில் ஒன்றும் பதியாது. ஃபிளாஷ் மின்னுகிற அந்தக் கணத்தில்தான் படம் உருவாகிறது. நேரத்தை அளப்பது வெளிச்சமே. சொல்லின் வரலாறு, கணக்கு, பயன் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இரண்டு குழப்பங்களை முதலிலேயே தீர்த்துவிடலாம். சிலர் இதை, ஃபிளாஷின் முன்னால் உள்ள பிரதிபலிப்பானைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் வைத்து அடிப்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, அதற்கு ‘பேர் பல்பு’ என்று பெயர். இன்னும் சிலர், லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்து எடுப்பது என்று நினைக்கிறார்கள். அதுவும் இல்லை. ஓப்பன் ஃபிளாஷில் துளை எஃப் 16 என்ற மிகச் சின்ன அளவாகக்கூட இருக்கலாம் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்).

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆரம்பத்தில் இதற்குத் தனிப் பெயரே தேவைப்பட்டிருக்காது, ஏனென்றால் வேறு வழியே கிடையாது. 1860-களில் மெக்னீசியம் கம்பி விற்பனைக்கு வந்தது. அதைக் கொளுத்தினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். சார்ல்ஸ் பியாஸி ஸ்மித் என்ற வானியலாளர் 1865-ல் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் மெக்னீசிய வெளிச்சத்தில் படம் எடுத்தார். லென்ஸ் மூடியைக் கழற்றுவது, கொளுத்துவது, மூடியைத் திரும்பப் போடுவது என்ற வரிசைதான் அன்றைய முறை. ஓப்பன் ஃபிளாஷின் எல்லா இலக்கணமும் அதிலேயே இருக்கிறது.

1887-ல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தே, யோஹன்னஸ் கெய்டிக்கே என்ற இருவர் மெக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் கலந்து, தீ பட்டதும் ஒரே நொடியில் குபீரென்று எரிகிற பொடியைச் செய்தார்கள். அதற்கு ‘பிளிட்ஸ்லிக்ட்’ என்று பெயர், அதாவது மின்னல் வெளிச்சம். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஜேக்கப் ரீஸ் என்ற நிருபர், நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளின் இருட்டு அறைகளுக்குள் அதே முறையோடு நுழைந்தார். அவர் டென்மார்க்கில் பிறந்தவர், போலீஸ் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். காற்றும் வெளிச்சமும் புகாத அந்த அறைகளில் மனிதர்கள் எப்படி அடைந்து கிடந்தார்கள் என்பதை ஊர் முதல்முறையாகப் படமாகப் பார்த்தது அந்தப் பொடியின் தயவில்தான். முதலில் துப்பாக்கி போன்ற கருவியில் பொடியை வைத்துச் சுட்டார். ராத்திரியில் துப்பாக்கியோடு வருகிறவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தானே செய்யும்? அப்புறம் அதை விட்டுவிட்டு, வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்தினார். இரண்டு முறை வீட்டுக்குத் தீ வைத்துவிட்டதாகவும், ஒரு முறை தன் மேலேயே தீப்பிடித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். பொடி எரிந்ததும் அறை முழுக்க வெள்ளைப் புகை சூழ்ந்துவிடும். இரண்டாவது படம் வேண்டுமென்றால் புகை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1929-ல் ஜெர்மனியில் ‘வக்குபிளிட்ஸ்’ என்ற பெயரில் ஃபிளாஷ் பல்பு வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவிலும் வந்துவிட்டது. அந்த பல்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிக்குள் அலுமினியத் தகடு கசக்கிப்போட்ட ஜரிகை மாதிரி நிரம்பியிருக்கும். பின்னால் வந்தவற்றில் அது மெல்லிய உலோகச் சுருளாக மாறியது, தேங்காய் நார்க் கொத்து போலத் தெரியும். உள்ளே ஆக்சிஜன். மின்சாரம் பாய்ந்ததும் அவ்வளவும் எரிந்து சாம்பலாகிவிடும். ஒரு பல்புக்கு ஒரு படம், அவ்வளவுதான். பல பல்புகளில் உள்பக்கம் நீலப் புள்ளி ஒன்று வைத்திருப்பார்கள். அது வெளிர்சிவப்பாக மாறியிருந்தால் கண்ணாடியில் எங்கோ விரிசல், காற்று உள்ளே போய்விட்டது, அடித்தால் வெடிக்கலாம் என்று அர்த்தம். கண்ணாடிக்கு மேல் மெழுகுபோல ஒரு பூச்சு இருக்கும், சூட்டில் கண்ணாடி நொறுங்கினாலும் சில்லுகள் தெறிக்காமல் பிடித்துக்கொள்ள. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல்பைச் சொருகுவதற்கு முன்னால் அதன் அடிப்பகுதியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வார்கள், மின்தொடர்பு சரியாகக் கிடைக்க.

இந்தக் காலத்தில்தான் ‘ஓப்பன் ஃபிளாஷ்’ என்ற பெயருக்கு வேலை வந்தது. 1930-களில் ஷட்டர் திறக்கும் நேரமும் பல்பு எரியும் நேரமும் ஒன்றாக அமையும்படி இரண்டையும் இணைக்கும் கருவிகள் வந்தன. அதற்கு ‘சிங்க்ரோ ஃபிளாஷ்’ என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒன்று வந்த பிறகு பழைய முறையைத் தனியாகக் குறிக்க ஒரு சொல் வேண்டுமல்லவா? கைபேசி வந்த பிறகுதான் வீட்டில் இருக்கும் போனுக்கு ‘லேண்ட்லைன்’ என்ற பெயர் நம் வாயில் நுழைந்தது. அதே கதைதான்.

இணைப்பது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், பல்பு பொத்தானை அழுத்தியதும் எரிந்து முடிந்துவிடாது. நடுத்தர ரக பல்பு உச்ச வெளிச்சத்தை அடைய விநாடியில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஷட்டர் வேகம் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்தால், பல்பு சூடேறுவதற்குள் ஷட்டர் திறந்து மூடிவிடும், பிலிம் காலியாக இருக்கும். அதனால் முதலில் பல்பைப் பற்றவைத்து, ஒரு சிறு தாமதத்துக்குப் பிறகு ஷட்டரைத் திறக்கும்படி செய்தார்கள். பழைய யாஷிகா டி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவின் ஷட்டரைச் சுற்றி எம், எக்ஸ், வி என்று மூன்று எழுத்துகள் இருக்குமே, அதில் எம் என்பது இந்தத் தாமதத்தோடு கூடிய பல்பு இணைப்பு. எக்ஸ் என்பது எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கானது, தாமதம் கிடையாது, ஏனென்றால் அது நினைத்த மாத்திரத்தில் மின்னிவிடும். வி என்பது செல்ஃப் டைமர்.

ஓப்பன் ஃபிளாஷ் அடிக்கிறவருக்கு இந்த எழுத்துகளைப் பற்றிக் கவலையே இல்லை. கதவுதான் திறந்தே கிடக்கிறதே, பல்பு எப்போது உச்சத்துக்குப் போனால் என்ன? அதோடு ஒரு லாபமும் உண்டு. வேகமான ஷட்டரோடு அடித்தால் பல்பின் வெளிச்சத்தில் ஒரு துண்டுதான் பிலிமுக்குப் போகும். ஓப்பன் ஃபிளாஷில் முழு வெளிச்சமும் போகும். பல்பு அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டிருந்த அட்டவணையைப் பார்த்தால் இது தெரியும். ‘ஓப்பன்’ என்பதற்கும் இருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடிக்கும் ஒரே வழிகாட்டி எண்ணைப் போட்டிருப்பார்கள் (அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன், வெளிச்சம் கூடினால் எண்ணும் கூடும்), பட்டியலில் அதுதான் பெரிய எண். ஷட்டர் வேகம் கூடக் கூட எண் குறைந்துகொண்டே போகும்.

இங்கே இன்னொரு எழுத்தையும் சொல்ல வேண்டும். ஓப்பன் ஃபிளாஷுக்குக் கேமராவை ‘பி’-யில் வைக்க வேண்டும். பி என்றால் பல்பு. ஆனால் இது ஃபிளாஷ் பல்பு அல்ல, பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்தக் கால ஷட்டர்களை ஒரு ரப்பர் குமிழை அமுக்கித் திறப்பார்கள். ஐஸ் வண்டிக்காரர் ‘பாம் பாம்’ என்று அமுக்குவாரே, அந்த ஹாரனில் இருப்பது போன்ற குமிழ். அமுக்கினால் குழாய் வழியாகக் காற்று போய் ஷட்டரைத் திறக்கும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்தக் குமிழுக்கும் பல்பு என்றுதான் பெயர். பி-யில் விரல் அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும். டி என்ற எழுத்தும் இருந்தால் இன்னும் வசதி. ஒரு முறை அழுத்தினால் திறக்கும், மறுமுறை அழுத்தினால் மூடும், நடுவில் கேமராவைத் தொடவே வேண்டாம்.

சரி, இன்றைக்கு இதனால் என்ன பயன்? என் அனுபவத்தில் மூன்று இடங்களில் இதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

முதலாவது, பெரிய இருட்டான இடம், கையில் ஒரே ஒரு சின்ன ஃபிளாஷ். சில வருடங்களுக்கு முன்னால், மூடிப் பல காலம் ஆன ஒரு ரைஸ் மில்லின் உள்பக்கத்தைப் படம் எடுக்கப் போனேன். தகரக் கூரை, ஓரமாக நெல் அவிக்கும் தொட்டிகள், நடுவில் மர எலிவேட்டர், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நல்ல நீளம். கரண்ட் கனெக்‌ஷன் பிடுங்கியாகிவிட்டது. கையில் இருந்தது 120 பிலிம் போட்ட இரட்டை லென்ஸ் கேமராவும், வழிகாட்டி எண் 28 உள்ள பழைய ஃபிளாஷ் ஒன்றும்.

வழிகாட்டி எண் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் ஓப்பன் ஃபிளாஷ் அடிக்க முடியாது. கையேட்டில் ஐஎஸ்ஓ 100-க்கு (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தைப் பிலிம் எவ்வளவு எளிதில் பதியும் என்பதன் அளவு), மீட்டர் கணக்கில் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். அதை ஃபிளாஷுக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், எந்தத் துளை என்பது வந்துவிடும். 28-ஐ 5 மீட்டரால் வகுத்தால் 5.6, ஆகவே எஃப் 5.6. கவனியுங்கள், கேமராவிலிருந்து பொருள் எவ்வளவு தூரம் என்பது இந்தக் கணக்கிலேயே வராது. கேமரா இருபது மீட்டர் தள்ளி நிற்கலாம். ஃபிளாஷ் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் இருந்தால் ஐந்துதான் கணக்கு. இது பிடிபட்ட அன்றைக்கு எனக்கு ஒரு புதிய அறை திறந்தது போல இருந்தது. ஃபிளாஷ் கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. எவ்வளவு பெரிய இடமானாலும் நடந்து நடந்து வெளிச்சம் போட்டுக்கொண்டே போகலாம்.

எனக்கு மில் முழுவதும் கூர்மையாக வேண்டும், அதனால் எஃப் 11 வைத்தேன். எஃப் 5.6-க்குப் போதுமான வெளிச்சம் எஃப் 11-க்குப் போதாது, இரண்டு ஸ்டாப் குறைவு. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஆகவே நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். ஷட்டர் திறந்தே இருப்பதால், அதே இடத்தில் நின்று நான்கு முறை அடித்தால் சரியாகிவிடும். ஃபிளாஷ்களின் வெளிச்சம் பிலிமில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். பொதுவாகச் சொன்னால் இரண்டு முறை அடித்தால் ஒரு ஸ்டாப், நான்கு முறை அடித்தால் இரண்டு ஸ்டாப், எட்டு முறை அடித்தால் மூன்று ஸ்டாப். அதற்கு மேல் போவது வீண் வேலை, கிட்டே போய் அடிப்பது மேல். தூரத்தைப் பாதியாக்கினாலே நான்கு மடங்கு வெளிச்சம் கிடைத்துவிடுகிறது.

மில்லை மனதுக்குள் ஐந்து பகுதியாகப் பிரித்துக்கொண்டேன், ஒவ்வொன்றுக்கும் நான்கு முறை அடிப்பது, மொத்தம் இருபது. ஒவ்வோர் அடிக்கும் பிறகு ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆகப் பத்து பன்னிரண்டு விநாடி ஆகும். அப்படியானால் ஷட்டர் நாலைந்து நிமிடம் திறந்திருக்கும். அவ்வளவு நேரத்தில், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வரும் தெருவிளக்கு வெளிச்சம் பிலிமைக் கெடுத்துவிடும். அதற்குத்தான் கருப்பு அட்டை. கேமராவுக்குப் பக்கத்தில் அக்கா மகனை நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் அட்டையைப் பிடிக்கச் சொன்னேன். நான் “திற” என்றால் அட்டையை விலக்க வேண்டும், ஃபிளாஷ் மின்னியதும் மூடிவிட வேண்டும். கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கம்பியான கேபிள் ரிலீஸைப் பூட்டி ஷட்டரைத் திறந்தே வைத்தாயிற்று. இருட்டில் மில்லின் அந்தக் கோடியிலிருந்து என் குரலும், இந்தக் கோடியிலிருந்து “மாமா, மூடியாச்சு” என்ற அவன் குரலும் மட்டும்தான். மேலே எங்கோ வௌவால்கள்.

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது முதல் படத்தில் ஒரு தவறு. எலிவேட்டருக்குப் பின்னால் உள்ள சுவரில், வெளிச்சத்தின் நடுவே என் முதுகும் கால்களும் கன்னங்கரேலென்று வெட்டி ஒட்டியது போல நின்றன. ஃபிளாஷைக் கையில் நீட்டிச் சுவரைப் பார்த்து அடித்திருக்கிறேன், ஆனால் நான் நின்ற இடம் கேமராவுக்கும் அந்தச் சுவருக்கும் நேர் நடுவில். என் மேல் வெளிச்சம் படாததால் முகம் தெரியாது, ஆனால் பின்னால் வெளிச்சமான சுவர் இருப்பதால் உருவம் தெரியும். நடந்துபோகிற புகைப்படக்காரர் படத்தில் விழ மாட்டார் என்று எழுதுகிறார்கள், அது இருட்டுப் பின்னணியில் மட்டும்தான் உண்மை. இரண்டாவது படத்துக்குத் தூணுக்குப் பின்னாலும் தொட்டிக்குப் பின்னாலும் ஒளிந்து நின்று, கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி அடித்தேன். ஃபிளாஷின் வாய் எந்தக் கணத்திலும் லென்ஸைப் பார்க்கக் கூடாது. கருப்புச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

இப்படித் தூண் தூணாக ஒளிந்து அடித்ததில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் கிடைத்தது. நிழல்கள் ஒரே பக்கமாக விழவில்லை. ஒவ்வொரு தூணுக்கும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைத்து, மரத்தின் ரேகையும் தகரத்தின் துருவும் தடவிப் பார்க்கலாம் போல எழுந்து வந்தன. கேமராவின் மேலிருந்து நேராக அடித்திருந்தால் முன்னால் இருக்கும் தொட்டி வெளுத்து, பின்னால் எல்லாம் கரியாகியிருக்கும். குகைகளைப் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த முறையைக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாத இடத்தில் ஒருவர் கேமராவோடு நிற்க, மற்றவர்கள் வளைவுகளில் ஒளிந்து நின்று, குரல் கேட்டதும் அடிப்பார்கள்.

இரண்டாவது இடம், கண்ணால் பிடிக்க முடியாத வேகம். ஷட்டரின் வேகம் எவ்வளவுதான் கூடினாலும் அதற்கு எல்லை உண்டு. எலக்ட்ரானிக் ஃபிளாஷ் முழு பலத்தில் அடிக்கும்போதே விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல் நேரம்தான் எரிகிறது. பலத்தைக் குறைத்தால் இன்னும் குறுகி, இருபதாயிரத்தில் ஒரு பங்குவரைகூடப் போகும். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு எட்ஜெர்ட்டன் என்ற பேராசிரியர் 1930-களிலிருந்து செய்துவந்தது இதைத்தான். பால் துளி விழுந்து கிரீடம் போல் எழும்பும் 1957-ஆம் ஆண்டுப் படமும், ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் தோட்டாவின் 1964-ஆம் ஆண்டுப் படமும் பார்த்திருப்பீர்கள். தோட்டாவை எந்த ஷட்டரும் பிடிக்காது. இருட்டு அறையில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, வெடிச் சத்தத்தை மைக்ரோபோன் கேட்டதும் ஃபிளாஷ் தானாக மின்னும்படி அமைத்தார். அந்த மின்னல் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். பெயர் பழசாக இருக்கலாம், ஆனால் இன்று தண்ணீர்த் துளியையும் வெடிக்கும் பலூனையும் படம் எடுக்கிறவர்கள் செய்வது எல்லாம் ஓப்பன் ஃபிளாஷ்தான்.

சொல்லப்போனால் இடி மின்னலைப் படம் எடுப்பதும் இதே முறை. இரவில் மொட்டை மாடியில் ட்ரைபாடை வைத்து ஷட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறோம், வானம் ஃபிளாஷ் அடிக்கிறது. ஜெர்மன்காரர்கள் தங்கள் பொடிக்கு மின்னல் வெளிச்சம் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தோன்றும்.

மூன்றாவது, கொஞ்சம் வெளிச்சமும் கொஞ்சம் ஃபிளாஷும் கலந்து வேண்டிய இடம். இதைத்தான் உங்களை முதலில் செய்து பார்க்கச் சொல்வேன், தீபாவளி இரவு போதும். குழந்தை கையில் கம்பி மத்தாப்பு. கேமரா ட்ரைபாடில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் பி-யில். பின்னணி நல்ல இருட்டாக இருக்கட்டும். ஷட்டரைத் திறந்ததும் குழந்தை மத்தாப்பால் காற்றில் வட்டமோ தன் பெயரின் முதல் எழுத்தோ வரையட்டும், மூன்று நான்கு விநாடி. வரைந்து முடித்ததும் அசையாமல் நிற்கச் சொல்லி, மூன்றரை மீட்டர் தூரத்திலிருந்து ஒரே ஒரு முறை ஃபிளாஷை அடித்துவிட்டு, ஷட்டரை மூடிவிடுங்கள். வழிகாட்டி எண் 28 என்றால் இந்தத் தூரத்துக்கு எஃப் 8 சரியாக வரும், உங்கள் ஃபிளாஷின் எண் வேறாக இருந்தால் தூரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நெருப்புக் கோடு முழுதாக இருக்கும், முகமும் கூர்மையாக இருக்கும்.

முதலில் ஃபிளாஷ் அடித்துவிட்டு அப்புறம் வரையச் சொன்னால் என்ன ஆகும் என்றும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் கோடுகள் ஓடும், குழந்தை கையை நகர்த்துவதற்கு முந்தைய நிலையில் உறைந்திருக்கும், ஏதோ பொருந்தாத மாதிரி இருக்கும். அடியைக் கடைசியில் வைப்பதற்காகவே இன்றைய கேமராக்களின் மெனுவில் ‘ரியர் கர்ட்டன் சிங்க்’ என்று ஒன்று இருக்கிறது. ஓப்பன் ஃபிளாஷ்காரர்கள் கையால் செய்துவந்ததை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் முதலிலும் கடைசியிலும் இல்லாமல் நடுவில் அடிக்க வேண்டும், மூன்று முறை அடிக்க வேண்டும், இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று அடிக்க வேண்டும் என்றால், மறுபடி கைதான்.

எங்கே இது ஒத்துவராது என்றும் சொல்ல வேண்டும். வெளிச்சமான மண்டபத்தில், ஆட்கள் நடமாடும் இடத்தில் அடித்தால், ஃபிளாஷ் ஓர் உருவத்தையும் டியூப்லைட் இன்னோர் உருவத்தையும் பதிந்து, ஒரே ஆள் ஆவி மாதிரி இரண்டாகத் தெரிவார். இருட்டு இல்லாமல் ஓப்பன் ஃபிளாஷ் கிடையாது. கல்யாண வீட்டில் இதை முயற்சி செய்யாதீர்கள்.

உங்கள் அப்பாவின் ஃபிளாஷுக்கு வருவோம். அதை உங்கள் டிஜிட்டல் கேமராவின் மேல் சொருகிவிடாதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில், கேமராவோடு தொடும் அந்தப் புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அந்தக் காலக் கேமராவில் அது வெறும் உலோகத் தொடர்பு, ஒன்றும் ஆகாது. இன்றைய கேமராக்கள் பலவற்றின் எலக்ட்ரானிக்ஸ் தாங்குவது அதைவிட மிகக் குறைவு, ஒரே அடியில் போய்விடலாம். கையில் பிடித்து ஓப்பன் ஃபிளாஷாக அடித்தால் இந்த ஆபத்தே இல்லை, கேமராவோடு அதற்குச் சம்பந்தமே கிடையாதே. அதே காரணத்தால் கைபேசியோடும் பயன்படுத்தலாம். ‘ப்ரோ’ மோடில் ஷட்டரை நான்கு விநாடி என்று வைத்து, கைபேசியை எங்காவது அசையாமல் சாய்த்து வையுங்கள். கைபேசியிலேயே இருக்கும் விளக்கு இதற்கு உதவாது, அது டார்ச் போல எரிவது, மின்னுவது அல்ல.

பல வருடம் சும்மா கிடந்த ஃபிளாஷ் என்பதால் முதலில் பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், வினிகரைத் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். புது பேட்டரி போட்டு ஆன் செய்து, சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் சில நிமிடம் அப்படியே விட்டுவைத்து, அப்புறம் ஓர் அடி. மறுபடி சில நிமிடம், மறுபடி ஓர் அடி. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி நீண்ட தூக்கத்திலிருந்து எழ அவகாசம் வேண்டும். என்ன ஆனாலும் பெட்டியைத் திருகிக் கழற்றிப் பார்க்காதீர்கள். அணைத்து வைத்த பிறகும் அந்த மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

ஃபிளாஷின் பின்னால் ஒரு சுழல் சுவிட்சு இருந்தால் அதை ‘எம்’-ல் வையுங்கள். இந்த எம் வேறு, ஷட்டரில் நான் சொன்ன எம் வேறு. இங்கே மேனுவல் என்று பொருள், எப்போதும் முழு பலத்தோடு அடிக்கும். ஆட்டோவில் வைத்தால் அதன் முன்பக்க உணரி தனக்குப் போதும் என்று பட்டதும் வெளிச்சத்தை வெட்டிவிடும், வழிகாட்டி எண் கணக்கு தப்பிப்போகும். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க, ராத்திரி வீட்டுக் கூடத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியை வைத்து நாலைந்து துளைகளில் எடுத்துப் பாருங்கள். பழைய ஃபிளாஷ்களில் பல, கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை எட்டுவதில்லை, அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையும். எந்தப் படம் சரியாக வருகிறதோ அந்தத் துளையை மூன்றால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஃபிளாஷின் உண்மையான எண். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.